துருசு பூட்டிக் கிடக்கு, வான் பாயுது

இந்த முறை வந்த கடிதங்கள், வாட்ஸப் வொய்ஸ் எல்லாத்தையும் சேத்துப் பாத்தா முக்காவாசி சலத்தை, அதுதான் மூத்திரத்தைப் பற்றித்தான் கிடக்கு. சித்திரை வெயில் வன்னியில மனிசரை என்ன பாடு படுத்துமெண்டு தெரிஞ்சதுதானே. இதைப் பற்றி வாய் திறந்து கதைக்க எங்கட ஆக்களுக்குச் சரியான வெக்கம். கிளினிக்கில முன்னால இருந்து 'நாரி நோகுது, சாப்பாடு மனமில்லை' எண்டு எல்லாத்தையும் சொல்லி முடிச்சு, துண்டையும் வாங்கிக்கொண்டு எழும்பிக் கதவடிக்குப் போன பிறகுதான் திரும்பி நிண்டு 'அதோட ஐயா, ஒண்டுக்குப் போறதும் கொஞ்சம்...' எண்டு இழுப்பினம். அப்போதிக்கரியா, அதுதான் ஊர் ஆஸ்பத்திரியில உதவி வைத்தியரா இருந்த காலம் முழுக்க இந்தக் கதவடிக் கதைதான் நான் கூடக் கேட்டது. பேர் போட வேண்டாமெண்டு கனபேர் கேட்டதால ஒருத்தற்ற பேரும் போடேல்ல, ஊர் மட்டும் போட்டிருக்கிறன்.

ஐயா, அப்பாக்கு 71 வயசு. ஒரு கிழமையா சாரம் எந்நேரமும் நனைஞ்சு கிடக்கு, சொட்டுச் சொட்டாப் போய்க்கொண்டே இருக்கு. அடிவயிறும் உப்பினமாதிரி. வயசு போனா கட்டுப்பாடு இல்லாமப் போறதுதானே எண்டு அயலில சொல்லினம். தண்ணி குடுக்கிறதைக் குறைச்சு விட்டிருக்கிறம், சரியோ?
*ஒரு மகள், ஒட்டுசுட்டான்*

இந்தக் கடிதம் கிடைச்ச அண்டே போன் எடுத்துக் கதைச்சிட்டன், புத்தகம் வெளியில வரும்வரைக்கும் பொறுக்கிற விசயம் இல்லை இது. இருந்தாலும் இதே கதை எத்தினையோ வீட்டில நடக்கிறதால இங்கயும் எழுதுறன்.

பிள்ளை, உங்களுக்கு முத்தையன்கட்டுக் குளம் கிட்டத்தானே. மாரிக்க துருசு, அதுதான் வாய்க்காலுக்குத் தண்ணி விடுற கதவு, இறுகித் திறக்கேலாமப் போச்செண்டு வையுங்கோ, காட்டால வாற தண்ணி அதுக்காக நிக்குமோ, வந்துகொண்டேதான் இருக்கும், குளம் முட்டும், முட்டினாப் பிறகு மிஞ்சின தண்ணி போற வானால வழியும். வான் பாயிறதைப் பாத்திட்டு 'தண்ணி நல்லா வெளியில போகுது, குளம் வெறுமையாகப் போகுது' எண்டு ஒரு கமக்காரனும் சொல்லமாட்டான். அப்பாக்கு நடந்ததும் அதுதான். சொட்டுறது கட்டுப்பாடு போனதால இல்லை, சலப்பை முட்டி வான் பாயுது.

எப்பிடியெண்டா, ரெண்டு கிட்னியில இருந்தும் சலம் நிமிசத்துக்கு ஒரு மில்லிலீற்றர் கணக்கில இரவு பகல் எண்டு இல்லாம இறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சேத்து வைக்கிறதுதான் சலப்பை, சுவர் முழுக்கத் தசை, பலூன் மாதிரி விரியும். 150, 200 மில்லிலீற்றர் வந்தவுடன 'போகவேணும்' எண்டு ஒரு சின்ன எண்ணம் வரும், 400 தாண்டினா இருக்கவிடாது. கீழ ரெண்டு கதவு. உள்கதவு எங்கட சொல்லுக் கேக்காது, அது தன்ர பாட்டில இயங்கிறது. வெளிக்கதவு எங்கட கையில, பஸ்ஸுக்க இருந்து பல்லைக் கடிச்சுக்கொண்டு அடக்கிறது அதாலதான். ஆம்பிளையளுக்கு இந்த ரெண்டு கதவுக்கும் நடுவில, சலக்குழாயைச் சுத்தி, சின்னத் தேசிக்காய் அளவில புரொஸ்டேட் எண்டு ஒரு சுரப்பி இருக்கு. வயசு போகப் போக அது பெருக்கும், பெருத்தா குழாயை நெரிக்கும். முதல்ல சலம் வர நேரமெடுக்கும், தாரை மெலியும், இரவில நாலு தரம் எழும்புவார், பிறகு ஒரு நாளைக்கு ஒரேயடியா அடைச்சுப்போகும். தடிமனுக்குக் குடிக்கிற சில குளிசையள், அந்த நித்திரை தூங்கிற வகை, இந்த அடைப்பைக் கொண்டு வரும், அதையும் கவனிக்கவேணும்.

தண்ணியைக் குறைக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்லை. சலப்பை முட்டி நிண்டா அந்த அமத்தம் மேல போய் கிட்னியும் வீங்கும், அதுதான் பயம். மகள் பிறகு போன் எடுத்துச் சொன்னா, ஆஸ்பத்திரியில ரியூப் போட்ட உடன ஒண்டேகால் லீற்றர் வந்ததாம், அப்பா ஒரு கிழமைக்குப் பிறகு அண்டைக்குத்தான் கால் நீட்டிப் படுத்தவராம். இனி புரொஸ்டேட்டுக்கு மருந்தோ ஒப்பரேசனோ எண்டு பாப்பினம். கான்சரோ எண்டு பயப்பிடுறியள், பெருக்கிறதெல்லாம் கான்சர் இல்லை, கனக்க சாதாரண வீக்கம்தான், ஆனா அதையும் சேத்துப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ.

சேர், கிட்னி ஒரு நாளைக்கு 180 லீற்றர் வடிகட்டுது எண்டு நோட்ஸில கிடக்கு. நாங்கள் போறது ஒண்டரை லீற்றர்தானே. மிச்சம் எங்க போகுது? பிழையா அடிச்சிட்டினமோ?
*ஏஎல் படிக்கிற தம்பி, மல்லாவி*

பிழை இல்லை தம்பி. 180 லீற்றர் எண்டா டீசல் வாற பெரிய பரல் கிட்டத்தட்ட முட்ட. அதில 99 வீதத்தை கிட்னியே திரும்ப எடுத்து ரத்தத்துக்க விட்டிடுது. ஏன் இந்தத் தேவையில்லாத வேலை எண்டு நானும் படிக்கேக்க யோசிச்சனான், கழிவை மட்டும் பொறுக்கி எறிஞ்சா முடிஞ்சுதே.

பொங்கலுக்கு வீடு கழுவிறதை யோசிச்சுப்பார். மூலைக்கு மூலை போய்க் குப்பையைத் தேடுறேல்ல, சாமான் எல்லாத்தையும் முத்தத்தில இறக்கி வச்சிட்டு வேணுமெண்டதை மட்டும் திருப்பி உள்ளுக்குக் கொண்டு போறம், தேவையில்லாதது தானா முத்தத்தில கிடந்திடும். கிட்னியும் அந்த வேலைதான் செய்யுது. ரத்தத்தில செல்லும் பெரிய புரதமும் தவிர மிச்சம் எல்லாத்தையும், தண்ணி, உப்பு, சீனி, யூரியா எல்லாத்தையும் வெளியில இறக்கும். பிறகு குழாய் வழிய போகப் போக சீனி முழுக்க உள்ளுக்கு, உப்பு அளவுக்கு உள்ளுக்கு, தண்ணி தேவைக்கு உள்ளுக்கு. உடம்பு முந்தி ஒரு நாளும் கண்டிராத ஒரு மருந்து, ஒரு நஞ்சு வந்தாலும் அதுக்கெண்டு தனி ஏற்பாடு வேண்டாம், திருப்பி எடுக்க ஆளில்லாட்டி அது சலத்தோட போயிடும். இதைச் செய்த மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கணக்கும் சொல்லுறன். ரெண்டு கிட்னியும் சேந்து 300 கிராம் வருமோ தெரியாது, ஆனா இதயம் அடிக்கிற ரத்தத்தில அஞ்சில ஒரு பங்குக்கு மேல, நிமிசத்துக்கு ஒரு லீற்றருக்கு மேல, அதுக்குள்ளாலதான் போகுது. உன்ர ரத்தத்தில தண்ணிப் பகுதி, பிளாஸ்மா, மூண்டு லீற்றர் அளவுதான். 180 ஐ மூண்டால பிரி. அறுபது. ஒரே மூண்டு லீற்றரை நாளுக்கு அறுபது தரம் கழுவுது.

ஞாயிற்றுக்கிழமை ஊரில ஆடு அடிக்கேக்க ஒரு குண்டிக்காய் வாங்கி வந்து கறிக்குப் போக முதல் நீட்டுவாக்கில ரெண்டாப் பிளந்து பார், அம்மாட்ட ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை. மேல மெல்லிய தோல், நகத்தால உரிக்க வரும். அதுக்குள்ள கருஞ்சிவப்பா ஒரு பட்டை, அதுதான் மேற்பட்டை, வடிகட்டிற நுண்குழாய்ப் பந்துகள் எல்லாம் அங்க. அதுக்கும் உள்ள கொஞ்சம் வெளிறி, கோடு கோடா ஓடுற பகுதி, அந்தக் கோடுகள் சும்மா வடிவுக்கு இல்லை, கீழ இறங்கித் திரும்பி ஏறுற குழாயள். நடுவில வெள்ளையா ஒரு குழி, அங்க சலம் சேந்து குழாய்க்க இறங்கும். ஆட்டில உள்பகுதி சேந்து ஒரே மேடாக் கிடக்கும், மனிசருக்கு எட்டில இருந்து பதினெட்டு வரைக்கும் தனித்தனிக் கூம்பு. ஒரு மனிசக் கிட்னிக்க இப்பிடிப் பந்தும் குழாயும் சேந்த சிறுநீரகத்தி, அதுதான் நெப்ரோன், பத்து லட்சம் அளவில இருக்கு, போனா புதுசு முளைக்காது. பேர் கேட்டா எழுத, பந்தைச் சுத்தியிருக்கிற கிண்ணம் 1842 இல விபரிச்ச போமன்ர பேரில, கீழ போய்த் திரும்பிற தடம் 1862 இல விபரிச்ச ஹென்லேயின்ர பேரில.

நாரி நோவெண்டு ஸ்கான் எடுத்தன், இடப்பக்கம் 5 மில்லிமீற்றர் கல்லாம். தேங்காய்ப்பூக்கீரையும் நெருஞ்சியும் அவிச்சுக் குடிச்சா கரைஞ்சிடும் எண்டு சொல்லினம். குடிக்கட்டோ?
*ட்ரக் ஓட்டுறவர், கனகராயன்குளம்*

அண்ணை, நானும் உங்கட கட்சிதான். என்ர கல்லு இப்பவும் மேசை லாச்சிக்க ஒரு குளிசை உறையில கிடக்கு, அரை நெல்மணி அளவு, மண்ணிறம், ஒரு பக்கம் முள்ளு முள்ளா. இதுவோ என்னை நிலத்தில உருளவிட்டது எண்டு பாக்கிறவைக்குச் சிரிப்பு வரும். மாங்குளத்தில இருந்து மோட்டச்சைக்கிள்ல வாறன், வலப்பக்க விலாவுக்குக் கீழ பிடிச்சுது, ஏ9 ரோட்டோரம் சைக்கிளைச் சரிச்சிட்டு குந்திப் பாத்தன், நிண்டு பாத்தன், மரத்தைக் கட்டிப்பிடிச்சுப் பாத்தன், ஒரு இருப்பும் சுகம் தரேல்ல. நாரிப்பிடிப்புக்கும் கல்லுக்கும் இதுதான் வித்தியாசம், நாரிப்பிடிப்பு எண்டா ஆடாமப் படுத்தாச் சுகம், கல்லெண்டா படுக்கவே ஏலாது, நோ அலை அலையா வந்து தொடைச்சந்து வரைக்கும் இறங்கும், ஓங்காளம் வேற.

கிட்னியில இருந்து சலப்பைக்கு இறங்கிற குழாய் 25, 30 சென்ரிமீற்றர் நீளம், உள்விட்டம் மூண்டு நாலு மில்லிமீற்றர். சும்மா வடிஞ்சு இறங்கிற குழாய் இல்லை, சாரைப்பாம்பு தவளையை உள்ளுக்கு இறக்கிறமாதிரி தசை சுருங்கிச் சுருங்கித் தள்ளும். அதாலதான் தலைகீழா நிண்டாலும் சலம் சலப்பைக்குத்தான் போகும். மூண்டு இடத்தில குழாய் ஒடுங்கும்: கிட்னியை விட்டு வெளிக்கிடுற இடம், இடுப்பில பெரிய ரத்தக்குழாயைத் தாண்டுற இடம், சலப்பைச் சுவருக்குள்ள நுழையிற இடம். கல்லு மாட்டுறது இந்த மூண்டில ஒண்டில, கனக்கக் கடைசியில. அந்தக் கடைசி இடத்தில குழாய் சுவருக்குள்ளால சரிவா நுழையிறதால சலப்பை நிரம்ப நிரம்பக் குழாய் நசிஞ்சு மூடும், சைக்கிள் ரியூப் வால்வு மாதிரி, போனது திரும்ப ஏறாது.

இனிக் கீரைக் கதை. சலத்தைக் கூட்டுற மூலிகையள்தான், நான் எதிரியில்லை, என்ர அம்மாவும் அவிச்சவ. ஆனா கல்லு கனக்க கல்சியம் ஒக்சலேட், அது கசாயத்தில கரையாது. அஞ்சு மில்லிமீற்றருக்குள்ள இருக்கிற கல்லு பெரும்பாலும் தானா இறங்கிடும், இறங்கின பிறகு அந்தக் கிழமை குடிச்சது எதுவோ அதுக்குப் பேர் போகும். எனக்கு இறங்கின கிழமை நான் வெறும் தண்ணியும் நோக்குளிசையும்தான், அப்ப பச்சைத் தண்ணியே மூலிகை. நீங்கள் செய்யவேண்டியது நாளுக்கு ரெண்டு, ரெண்டரை லீற்றர் சலம் போற அளவுக்குத் தண்ணி, உப்பைக் குறைக்கிறது, டொக்டர் சொன்ன நாளில திரும்ப ஸ்கான். பாலை நிப்பாட்ட வேண்டாம், கல்சியம் குடலிலயே ஒக்சலேட்டைப் பிடிச்சு வைக்கும். காமரங்காய், விளிம்பிக்காய் ஜூஸ் அடிச்சுக் குடிக்கிற பழக்கம் இருந்தா விடுங்கோ, ரெண்டிலயும் ஒக்சலேட் சரியான கூட, கிட்னி பழுதான ஆளுக்குக் காமரங்காய் மூளையையே தாக்கும். காய்ச்சல் குளிரோட கல்லு நோ வந்தா, இல்லாட்டி சலமே போகாட்டி, கீரையும் வேண்டாம் பொறுத்திருக்கவும் வேண்டாம், ட்ரக்கை நிப்பாட்டிட்டு நேர ஆஸ்பத்திரி.

பள்ளிக்கூடத்தில ரொய்லெட் சரியில்லை, காலமை வெளிக்கிட்டா பின்னேரம் வீட்டதான். தண்ணி குடிக்காம இருந்து பழகிட்டன். இப்ப மாசத்துக்கு ஒருக்கா நீர்க்கடுப்பு.
*ஒரு ஆசிரியை, விசுவமடு*

தங்கச்சி, இதைப் படிக்கிற வயல்காரப் பெண்கள், பஸ்ஸில முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் ஓடித் திரியிற பெண்கள் எல்லாருக்கும் இந்தக் கதைதான், ஆரும் வாய் திறக்கிறேல்ல.

பெண்களுக்குச் சலம் வெளியில வாற குழாய் நாலு சென்ரிமீற்றர் அளவுதான், ஆம்பிளைக்கு 18, 20. மலவாசலுக்குப் பக்கத்தில இருக்கிற கிருமி சலப்பைக்குப் போற பாதை உங்களுக்கு முத்தத்தில இருந்து திண்ணைக்கு ஏறுறமாதிரி. அப்பிடி ஏறுற கிருமியை அடிச்சுக் கழுவுறது சலம்தான், வேற காவல்காரன் பெரிசா இல்லை. நீங்கள் தண்ணியும் குடிக்காம அடக்கியும் வச்சிருந்தா கிருமிக்கு எட்டு மணித்தியாலம் பாய் விரிச்சுக் குடுத்தமாதிரி. மூண்டு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போங்கோ. கழுவேக்க முன்னுக்கிருந்து பின்னுக்கு. புருசனோட சேந்த பிறகும் ஒருக்காச் சலம் போறது நல்லது, இதையும் எழுதத்தான் வேணும்.

மாசத்துக்கு ஒருக்கா எண்டா கடையில குளிசை வாங்கி ரெண்டு நாள் குடிச்சு நிப்பாட்டுற வேலை வேண்டாம், சலத்தைக் கல்ச்சருக்குக் குடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் எண்டு பாக்கோணும், சீனியும் பாக்கோணும். கடுப்போட குளிர்காய்ச்சலும் விலாப்பக்க நோவும் வந்தா கிருமி கிட்னிக்கு ஏறிட்டுது, அண்டைக்கே போகவேணும். பிள்ளைத்தாச்சியளுக்கு கடுப்பே இல்லாமலும் கிருமி இருக்கும், அதுக்காகத்தான் கிளினிக்கில சலம் கேக்கிறது, வெக்கப்பட்டுக் குடுக்காம விடாதேங்கோ. அதிபரிட்ட ரொய்லெட் கதையை நீங்கள் ஆசிரியையா நிண்டு கேளுங்கோ, உங்கட வகுப்புப் பெண்பிள்ளையளும் தண்ணிப் போத்தலைத் திறக்காமத்தான் கொண்டுபோய்க் கொண்டு வருகினம்.

எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலில அடியோட வெள்ளையாப் படியுது. இதே வெள்ளை கிட்னியிலயும் படிஞ்சுதான் ஊரில கிட்னி வருத்தம் எண்டு சொல்லுறது உண்மையோ? மனிசன் வயலில நிண்டிட்டு வந்து தினம் நோக்குளிசை போடுறவர்.
*ஒரு அக்கா, செட்டிகுளம்*

கேத்திலில படியிறது கல்சியம் காபனேற், தண்ணி கொதிக்கேக்க வாறது. உடம்புக்க ஒண்டும் கொதிக்கிறேல்ல, அந்த வெள்ளை அப்பிடியே போய்க் கிட்னியில பூச்சுப் பூசாது. ஆனா சவர்த்தண்ணி எண்டு வாய்க்குப் பிடிக்காம ஆக்கள் தண்ணியைக் குறைக்கினம் பாருங்கோ, அது கல்லுக்கு வழி.

நீங்கள் பயப்பிடுற வருத்தம் வேற. 1990களில அனுராதபுரம் பக்கம், மதவாச்சி, பதவியா எண்டு கமக்காரருக்கு கண்டுபிடிச்சது, சீனியும் இல்லை பிரஷரும் இல்லை ஆனா கிட்னி சுருங்கிப் போகுது. எங்கட வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமும் இருக்கு. கடினத்தண்ணி, புளோரைட், வயல் மருந்து, வெயிலில தண்ணியில்லாம வேலை எண்டு கனக்கச் சொல்லினம், ஒண்டுதான் காரணமெண்டு இன்னும் முடிவு கட்டேல்ல. கொதிக்க வச்சா கிருமி சாகும், புளோரைட் போகாது, ஆர்ஓ எண்டு மெசினில வடிகட்டின தண்ணி கிடைக்கிற இடமெண்டா குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் அதை எடுங்கோ.

எனக்கு உங்கட தண்ணியை விட மனிசன்ர குளிசைதான் பயம். கிட்னிக்கு வாற ரத்தக்குழாயை விரிச்சுப் பிடிச்சிருக்கிற ஒரு பொருள் உடம்பில சுரக்குது, காஞ்சு போன உடம்புக்கு அதுதான் கை குடுக்கும். டைக்ளோபெனக், இபுபுரோபன் மாதிரி நோக்குளிசையள் அந்தப் பொருளைத்தான் நிப்பாட்டுறது. வெயிலில வேர்த்துக் கொட்டி, தண்ணி குடிக்காம, அதுக்கு மேல அந்தக் குளிசை எண்டா வாய்க்கால்ல தண்ணி குறைஞ்ச நேரம் பாத்து மதகையும் இறக்கினமாதிரி. நோவுக்கு பரசிட்டமோல் அளவோட போடலாம். சலம் வைக்கோல் நிறமெண்டா காணும், பிளேன்ரீ நிறமெண்டா அண்டைக்குத் தண்ணி காணாது.

அவரைக் கூட்டிக்கொண்டு போய் சலத்தில புரதம், ரத்தத்தில கிரியற்றினின் எண்டுற கழிவு, பிரஷர் மூண்டும் பாருங்கோ. சுகமாத்தானே இருக்கிறன் எண்டு சொல்லுவார். கிட்னி நோகாமப் போற சாமான், கிரியற்றினின் கூடிக் காட்டேக்க அரைவாசி வேலை போயிருக்கும். பிறகுதான் கால் வீக்கம், களை, முகம் வெளிறுறது, ஏனெண்டா ரத்தச் செல் செய்யச் சொல்லி எலும்புக்கு ஓடர் போடுற ஹோர்மோனும் கிட்னியில இருந்துதான் போறது.

தம்பிக்கு ஒரு கிட்னிதான் எண்டு ஸ்கானில தெரிஞ்சுது. கலியாணம் செய்யலாமோ?
*புதுக்குடியிருப்பு*

தாராளமா. ஆயிரம் ரெண்டாயிரம் பேருக்கு ஒருத்தர் அப்பிடித்தான் பிறக்கினம், கனபேருக்குத் தெரியிறதே இல்லை. இருக்கிற ஒண்டு கொஞ்சம் பெருத்து ரெண்டின்ர வேலையையும் பாக்கும். 1954 இல பொஸ்டனில ஒரு கிட்னியை எடுத்து இரட்டைச் சகோதரனுக்கு வச்சு வெற்றி கண்டதே இதை நம்பித்தான். பிரஷரையும் சலத்தையும் வருசத்துக்கு ஒருக்காப் பாருங்கோ. பொம்பிளை வீட்டுக்கு மறைக்காதேங்கோ, அது வேற பிரச்சினை.

ஏழு வயசு மகன் இன்னும் இரவில பாயிலதான் சலம் போறான்.
*பூநகரி*

அடிக்காதேங்கோ. இரவில சலத்தைக் குறைக்கிற ஹோர்மோன் சில பிள்ளையளுக்குப் பிந்தித்தான் சரிவரும், அப்பாக்கோ அம்மாக்கோ சின்னனில இருந்திருக்கும், பாட்டியிட்ட கேட்டுப் பாருங்கோ உண்மை வெளியில வரும். மலச்சிக்கல் இருக்கோ எண்டு பாருங்கோ. பாயில போறது நிண்ட பிள்ளை திடீரெண்டு திரும்பத் தொடங்கினா, தண்ணி விடாய் கூடினா, உடன சீனி பாக்கோணும்.

வயலுக்க எலி சலம் பட்டு எங்களுக்குக் கிட்னி போகும் எண்டு பிஎச்ஐ, அதுதான் சுகாதாரப் பரிசோதகர், சொல்லுறார். எலியின்ர சலத்துக்கும் எங்கட கிட்னிக்கும் என்ன தொடுப்பு?
*புளியங்குளம்*

எலிக்காய்ச்சல் கிருமி எலியின்ர கிட்னிக் குழாய்க்க குடியிருக்கு, எலிக்கு ஒரு வருத்தமும் இல்லை. சலத்தோட வயல் தண்ணிக்கு வந்து, எங்கட கால் வெடிப்பு, கீறல் காயத்தால ஏறும், ஏறினா எங்கட ஈரலையும் கிட்னியையும் பிடிக்கும், சிலருக்குச் சலமே நிண்டு போகும். புடையன் பாம்பு கடிச்சவைக்கும் சில நேரம் இப்பிடிச் சலம் நிக்கிறது, காரணம் வேற, அதை இன்னொரு முறை எழுதுறன். விதைப்புக்கு முதல் எம்ஓஎச் ஒபிசில, அதுதான் சுகாதார வைத்திய அதிகாரி கந்தோரில, தாற டொக்சிசைக்கிளின் குளிசையை வாங்கிச் சொன்னபடி போடுங்கோ, காயத்தை மூடிக்கொண்டு இறங்குங்கோ. பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தா டொக்டரிட்ட 'நான் வயலுக்க நிண்டனான், சலமும் குறைஞ்சு போச்சு' எண்டு இருந்த உடன சொல்லுங்கோ, எழும்பிக் கதவடிக்குப் போன பிறகு இல்லை.